ஐவன் மேஜர்: ஒரு பந்தய வீரரின் தொழில் வரலாறு

நம் ஊர்த் திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் 'மரணக் கிணறு' என்றொரு வேடிக்கை நடைபெறுவதை நேயர்களுட் பலர் கண்டிருக்கலாம். பலகைகளால் வட்டமாக எழுப்பிய உயர்ந்த சுவரின் உட்புறத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளைச் சுழன்று சுழன்று ஓட்டுவார். மேல் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கும் கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். வேடிக்கை முடிந்ததும் நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அவரோ மறுநாளும் அதற்கு மறுநாளும் அச்சுவரில் ஏறியாக வேண்டும். அவருக்கு அதுவே பிழைப்பு. அபாயத்தை அன்றாடத் தொழிலாகக் கொண்ட ஒரு மனிதர் அத்தொழிலில் எவ்வாறு நிலைபெறுகிறார், எவ்வாறு உயர்கிறார் என்னும் கேள்வி நம் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு விடை காண, 'ஸ்பீட்வே' எனப்படும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஆறு முறை உலகப் பட்டம் வென்ற நியூஜிலாந்து வீரர் ஐவன் மேஜரின் வரலாற்றை இங்கு ஆராய்வோம். மேஜர் என்பது படைப் பதவியன்று. அவருடைய குடும்பப் பெயர்.

முதலில் இப்பந்தயத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் வரை சுற்றளவுள்ள நீள்வட்டப் பாதையில் இப்பந்தயம் நடைபெறும். பாதையின் மேற்பரப்பில் நொறுங்கிய கல்லோ கரிக்கசடோ பரப்பியிருக்கும். ஓர் ஓட்டத்தில் நால்வர் கலந்துகொள்வர். இடப்புறமாகவே திரும்பி நான்கு சுற்றுகள் வரவேண்டும். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாவதாக வந்தவருக்கு 3 புள்ளி, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. கடைசியாக வந்தவருக்கு ஒன்றுமில்லை.

வண்டியோ விந்தையானது. 500 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், மெதனால் எரிபொருள், ஒரே ஒரு கியர். பிரேக் என்பது அறவே கிடையாது. இதைக் கேட்பவருக்கு அச்சம் தோன்றும். ஆயினும் பிரேக் இல்லாமையே ஒருவகைப் பாதுகாப்பாகும். நான்கு வண்டிகள் ஒன்றையொன்று உராய்வதுபோல் விரையும் இடத்தில் முன்னே செல்பவர் திடீரென வேகத்தைத் தடுத்தால் பின்னே வருபவர் அவர்மீது மோதுவது உறுதி. ஆகவே வளைவுகளில் பின்சக்கரத்தை வெளிப்புறமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பி, எஃகுத் தகடு பொருத்திய இடக்காலைத் தரையில் ஊன்றி வீரர் திரும்புகிறார். சறுக்கலைத் தன் வசப்படுத்துவதே இக்கலையின் சாரம்.

இதன் தோற்றம் ஆஸ்திரேலியாவில் என்பது பொதுவான கருத்து. 1923-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த மேற்கு மெயிட்லண்டு என்னும் ஊரில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் நடத்திய பந்தயங்களைத் தொடக்கமாகக் கூறுவர். அவரும் நியூஜிலாந்தில் பிறந்தவரே. 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லண்டனுக்கு அருகிலுள்ள ஹை பீச் என்னுமிடத்தில் இங்கிலாந்து மக்கள் இதனைப் பெருந்திரளாகக் கூடிக் கண்டனர். 1936-இல் வெம்பிளி அரங்கில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்தில் இவ்விளையாட்டு பெருஞ்செல்வாக்குப் பெற்றது. போரினால் களைத்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் மாலை வேளைகளில் குறைந்த செலவில் காணக்கூடிய கேளிக்கையாக அது விளங்கியது.

ஐவன் மேஜர் 1939-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் நியூஜிலாந்தின் தென் தீவிலுள்ள கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். அந்நகரில் அரனுவி என்னும் பகுதியில் ஒரு ஸ்பீட்வே களம் இருந்தது. அக்களம் வளர்த்த வீரர்களுள் மூத்தவர் ரானி மூர். அவருடைய தந்தையார் நாம் முதலிற் குறிப்பிட்ட மரணக் கிணற்று வேடிக்கையை நடத்தி வந்தவர். மகனும் இளமையில் அதிலேயே வண்டியோட்டிப் பழகியவர். அந்த ரானி மூர் 1954-இலும் 1959-இலும் உலகப் பட்டம் வென்றார். அடுத்தவர் பாரி பிரிக்ஸ்; அவர் 1957, 1958, 1964, 1966 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றார். மூன்றாமவர் நம் ஐவன் மேஜர். அவருக்கு ஆறு பட்டங்கள். 1954 முதல் 1979 வரை நடைபெற்ற 26 உலக இறுதிப் போட்டிகளில் 12 பட்டங்கள், ஏறத்தாழப் பாதி, சென்னையினும் மிகச் சிறிய அந்த ஒரு நகரத்துக்கே சென்றன.

இதைக் கேட்போர், மேஜரும் மூத்தவர் இருவரின் அடியொற்றி எளிதாக மேலேறினார் என்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு மாறானது.

1957-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், இளம் மனைவியுடன் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். டென்னிஸ் ஆட்டத்தால் நம்மவர் அறிந்த விம்பிள்டனில் அக்காலத்தில் புகழ்மிக்க ஸ்பீட்வே கழகமும் இருந்தது. ரானி மூர் அதன் தலைசிறந்த வீரர். அக்கழகத்திலேயே மேஜரும் சேர்ந்தார். ஆனால் அணியில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. எப்போதாவது ஒரு வாய்ப்பு வரும். அவ்வாய்ப்பிலும் அவர் ஒளிர்ந்தாரில்லை. அவ்வாண்டிலேயே அவருடைய நகரத்தவரான பிரிக்ஸ் முதல் உலகப் பட்டத்தை வென்றார் என்பதை நினைத்தால், அவ்விளைஞரின் மனநிலை நமக்கு ஓரளவு புலனாகும். இரு பருவங்களுக்குப் பின் அவர் ஊர் திரும்பினார்.

இத்தோல்விக்கு அவருடைய அனுபவக் குறைவு ஒரு காரணம். காலநிலைமை மற்றொரு காரணம். போருக்குப் பிந்திய செல்வாக்கு அப்போது தேய்ந்துவிட்டிருந்தது. கேளிக்கை வரிச்சுமை ஒருபுறம், வீட்டுக்கு வீடு புகுந்த தொலைக்காட்சி மறுபுறமாகக் கழகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இரு பிரிவுகளாக நடந்துவந்த லீக் போட்டிகள் 1957-இல் ஒன்றாகச் சுருங்கின. இரண்டாம் பிரிவு இருந்தவரை இளைஞர் ஒருவர் அங்கே தவறு செய்யலாம், விழலாம், மீண்டும் கற்கலாம். அப்பிரிவு மறைந்தபின் கற்றுத் தேர்ந்தவருக்கே இடம். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இடமில்லை. நெற்றுக்கு நீர் பாய்ந்து நாற்றங்கால் காய்ந்த கதை அது.

தென்திசை திரும்பிய மேஜர் தொழிலைக் கைவிடவில்லை. நியூஜிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பந்தயங்களில் ஈடுபட்டு மெல்ல மெல்லத் தேர்ச்சி பெற்றார். இதற்கிடையில், 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'புரொவின்ஷியல் லீக்' என்னும் புதிய அமைப்புத் தோன்றியது. மூடிக் கிடந்த சிற்றூர்க் களங்களைத் திறந்து, ஓய்ந்திருந்த வீரர்களையும் புதிய இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, குறைந்த செலவில் பந்தயம் நடத்துவது அதன் நோக்கம். பெரிய கழகங்களின் கண்ணில் அது தாழ்ந்த வகுப்பு. மேஜருக்கோ அதுவே மீண்டும் திறந்த கதவு.

1963-ஆம் ஆண்டில் அவர் இரண்டாம் முறையாக இங்கிலாந்து சென்றார். இம்முறை தலைநகரத்துக் கழகத்தை நாடாமல், வடகிழக்கிலுள்ள நியூகாசில் கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் புரொவின்ஷியல் லீக் வீரர்களுக்கான தனிநபர் பட்டம் அவருக்கே கிடைத்தது. 1964-இல் நியூகாசில் அணியும் லீகில் முதலிடம் பெற்றது. ஆயினும் அவ்வாண்டில் அந்த லீக், ஆட்சி மன்றத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் அங்கீகாரமின்றியே நடைபெற்றது. ஆகவே அதன் வீரர்கள் உலகப் போட்டியில் கலந்துகொள்ள இயலவில்லை. தேர்ச்சி முதிர்ந்த ஓராண்டு மேஜருக்கு இவ்வாறு வீணாயிற்று. பின்னர் இரு தரப்பும் இணங்கி, 1965-இல் 18 கழகங்களைக் கொண்ட 'பிரிட்டிஷ் லீக்' உருவாயிற்று. அதன்பின் பிரிக்ஸ் போன்றோருடன் ஒரே களத்தில் நிற்கும் வாய்ப்பு அவருக்கு முறைப்படி அமைந்தது.

அக்காலத்து உலக இறுதிப் போட்டி ஒரே நாளில் முடிவது. பல நாடுகளில் நடக்கும் தகுதிச் சுற்றுகளைக் கடந்து பதினாறு பேர் அங்கு வருவர். மொத்தம் 20 ஓட்டங்கள். ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓடவேண்டும். அந்த ஐந்து ஓட்டங்களில் மற்றப் பதினைவரையும் ஒவ்வொரு முறை எதிர்கொண்டுவிடுவார். ஆகவே முழுப் புள்ளி 15. ஆண்டு முழுவதும் பட்ட பாட்டின் பயன் ஏறக்குறைய ஐந்து நிமிட ஓட்டத்தில் தீர்மானமாகும். ஒரு கற்றுண்டு சக்கரத்தில் சிக்கினாலும், ஒரு சங்கிலி அறுந்தாலும், அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதே. இத்தகைய போட்டியில் ஒருமுறை வெல்வதற்குத் திறமையோடு நற்பேறும் துணை நிற்கலாம். பலமுறை வெல்வதற்கு அது போதாது.

மேஜரின் ஏற்றம் படிப்படியானது. 1966-இல் ஸ்வீடன் நாட்டுக் கோத்தென்பர்க் நகரில் முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்து நான்காம் இடம் பெற்றார். 1967-இல் வெம்பிளியில் மூன்றாம் இடம். 1968-இல் மீண்டும் கோத்தென்பர்க்; ஐந்து ஓட்டங்களிலும் முதலாவதாக வந்து, முழுப் பதினைந்து புள்ளிகளுடன் உலகப் பட்டம் வென்றார். விம்பிள்டனில் இடமின்றித் திரும்பியது முதல் இந்நாள் வரை ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

1969-இல் வெம்பிளியில் 14 புள்ளிகளுடன் இரண்டாம் பட்டம். 1970-இல் போட்டி போலந்து நாட்டின் விரோத்ஸ்வாஃப் நகரில் நடந்தது. தம் நாட்டுக் களங்களில் போலந்து வீரர்கள் வெல்லற்கரியவர்கள் என்பது அக்காலத்து நம்பிக்கை. மூன்றாம் முறையும் தொடர்ந்து வென்றால் அவர் ஓட்டும் வண்டியைப் பொன்முலாம் பூசித் தருவதாக அமெரிக்க ரசிகர் இருவர் வாக்களித்திருந்தனர். மேஜர் 15 புள்ளிகளும் பெற்றார். இரண்டாம், மூன்றாம் இடங்களைப் போலந்து வீரர்கள் பெற்றனர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகப் பட்டம் பெற்ற வீரர் அவருக்கு முன் எவருமில்லை. வாக்களித்தவர்களும் வாக்குத் தவறவில்லை. வண்டி பொன்னிறம் பெற்றது. அது செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த ஜாவா வண்டி. 1960-களில் மைசூரில் உற்பத்தி தொடங்கி நம் சாலைகளிலும் ஓடிய ஜாவாவின் பெயரை நேயர்கள் அறிவார்கள்.

இவ்வெற்றிகளின் அடிப்படை யாது? வேகம் ஒன்றே என்று கூறிவிட முடியாது. பதினாறு பேரும் ஏறத்தாழ ஒரே வகை வண்டிகளில் வருபவர்களே. இப்பந்தயத்தில் பெரும்பாலான ஓட்டங்கள் தொடக்கத்தில் தீர்ந்துவிடுகின்றன. குறுக்கே கட்டிய நாடா மேலெழும் கணத்தில் கிளட்சை விடுவித்து, முதல் வளைவுக்கு முன்னதாகச் சென்று சேர்பவரைப் பின்னே வருபவர் கடப்பது அரிது. முன்செல்லும் சக்கரம் வாரியிறைக்கும் கல்லும் மண்ணும் அவர் முகத்தில் அறையும். மேஜர் அந்தத் தொடக்கத்தைப் பழக்கத்தால் தம் கலையாக்கிக்கொண்டார். வண்டியைப் பழுதறப் பேணுதல், களத்தின் ஈரத்தையும் தளர்ச்சியையும் முன்கூட்டி ஆராய்தல், உடலைக் கட்டுப்பாட்டில் வைத்தல் ஆகியவற்றில் அவர் காட்டிய ஒழுங்கு சக வீரர்களிடையே பெயர் பெற்றது. ஸ்பீட்வே வீரர் சம்பளக்காரர் அல்லர். வண்டியும் உதிரிப் பாகங்களும் அவருடைய முதலீடு. ஓடிய ஓட்டத்துக்கும் பெற்ற புள்ளிக்கும் ஏற்பவே அவருக்கு வருவாய். ஆகவே தொழிலில் ஒழுங்கு என்பது அவருக்குக் குடும்பத்தின் சோறு. வடகோளத்தில் பனிக்காலம் வந்து களங்கள் மூடியதும் பலர் ஓய்வெடுக்க, அவர் தென்கோளத்தின் கோடைக்குச் சென்று அங்கும் ஓடினார். பிரிக்ஸுடன் கூட்டாக உலக வீரர்களைத் திரட்டிப் பிற நாடுகளில் பந்தயச் சுற்றுலாக்களும் நடத்தினார்.

ஆயினும் ஒழுங்கு அபாயத்தை அகற்றிவிடுவதில்லை. 1972-இல் வெம்பிளி இறுதிப் போட்டியில் நேர்ந்த விபத்தில் பிரிக்ஸ் ஒரு விரலை இழந்தார். அன்று மேஜரும் ஸ்வீடன் வீரர் பெர்ன்ட் பெர்சனும் 13 புள்ளிகளுடன் சமமாக நின்றனர். தனி ஓட்டத்தில் மேஜர் வென்று நான்காம் பட்டம் பெற்றார். தம் நகரத்தவரும் நண்பருமான மூத்தவர் ஒருவர் அடிபட்டு அகன்ற களத்திலேயே அவ்வெற்றி நிகழ்ந்தது. 1976-இல் ஸ்வீடனின் இளம் வீரர் டாமி யான்சன் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றொன்றில் உயிரிழந்தார். இத்தொழிலில் வெற்றிப் பட்டியலும் காயப் பட்டியலும் ஒரே ஏட்டின் இரு பக்கங்களாகவே உள்ளன.

மேஜருக்கும் சறுக்கல் வந்தது. 1973-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி போலந்தின் ஹோஷூவ் நகரப் பேரரங்கில் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடியிருந்தனர். மேஜரும் உலகம் அதிகம் அறிந்திராத போலந்து வீரர் யெஷி ஷ்சாக்கியெலும் 13 புள்ளிகளுடன் சமமாயினர். பட்டத்தைத் தீர்மானிக்கத் தனி ஓட்டம். ஷ்சாக்கியெல் முந்திக்கொண்டார். அவரைக் கடக்க முயன்ற மேஜர் அவருடைய வண்டியோடு உராய்ந்து கீழே விழுந்தார். போலந்து தன் முதல் உலக வீரரைத் தோள்மேல் தூக்கிக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு மேஜர் மீண்டும் இரண்டாம் இடமே பெற்றார். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் மிச்சனெக்கும் டென்மார்க்கின் ஓலே ஓல்சனும் இங்கிலாந்தின் பீட்டர் காலின்சும் பட்டத்தை மாறி மாறிப் பெற்றனர். காலின்ஸ் மேஜரைவிடப் பதினான்கு வயது இளையவர். மேஜரின் காலம் முடிந்தது என்று பலர் கருதினர்.

அவர் முடித்துக்கொள்ளவில்லை. கழகங்கள் மாறின: நியூகாசிலுக்குப்பின் மான்செஸ்டர் நகரின் பெல் வியூ, அதன்பின் எக்சிடர், பின்னர் ஹல். 1970 முதல் 1972 வரை மூன்று ஆண்டுகள் பெல் வியூ அணி லீகை வென்றது. 1974-இல் எக்சிடர் வென்றது. நீண்ட பாதைப் பந்தயத்திலும் 1971, 1972, 1976 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் அவருக்கே கிட்டியது. 1977-இல் மழை பெய்த ஒரு நாளில், தம் முதல் பட்டத்தைத் தந்த கோத்தென்பர்க் நகரில், 14 புள்ளிகளுடன் ஐந்தாம் முறை உலகப் பட்டம் வென்றார். காலில் முறிவுற்ற நிலையிலும் வண்டியேறிய காலின்ஸ் அன்று இரண்டாமவரானார். இவ்விருவரில் எவரது துணிவைப் போற்றுவது என்று முடிவு செய்தல் எளிதன்று.

1979-ஆம் ஆண்டு செப்டம்பரில் இறுதிப் போட்டி மீண்டும் ஹோஷூவ் அரங்குக்கே வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் விழுந்த அதே மண். நாற்பது வயது நிறைவதற்கு ஒரு மாதமே இருந்தது. இம்முறை 14 புள்ளிகள் பெற்று, போலந்தின் செனான் பிளெக்கை இரண்டாம் இடத்துக்கு ஒதுக்கி, ஆறாம் பட்டத்தை வென்றார். அதற்குமுன் ஸ்வீடனின் ஓவே ஃபுண்டின் ஐந்து பட்டங்கள் பெற்றிருந்தார். ஆறு என்பது புதிய எல்லை. அதே மாதத்தில் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் நடந்த உலக அணிப் போட்டியில் நியூஜிலாந்து அணி வென்றது. முன்னர் 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் அவர் அணிப் பட்டம் வென்றது பிரிட்டனின் சார்பில் ஓடியே. தாய்நாட்டின் பெயரால் அப்பட்டத்தை வென்றது 1979-இல்தான்.

1976-இலும் 1989-இலும் பிரிட்டிஷ் அரச விருதுகள் அவரை வந்தடைந்தன. 1995-இல் ஒருநாள் இறுதிப் போட்டி முறை நீங்கி, பல போட்டிகளின் மொத்தப் புள்ளியால் உலகப் பட்டம் வழங்கும் முறை வந்தது. மேஜரின் ஆறு என்னும் எண்ணிக்கையை முதலில் எட்டியவர் ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன். அது 2005-ஆம் ஆண்டில். 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரில், எழுபத்தெட்டாம் வயதில், ஐவன் மேஜர் காலமானார்.

அவருடைய பொன்முலாம் பூசிய வண்டி கிறைஸ்ட்சர்ச் நகரத்து அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைக் காண்பவர் கண்ணை 1970-ஆம் ஆண்டின் வெற்றி கவர்வது இயற்கை. வரலாற்றை ஆராய்பவர் 1958-ஐயும் 1963-ஐயும் மறத்தல் கூடாது. தோற்ற இளைஞர் ஊர் திரும்பியதோடு இக்கதை முடிந்திருக்கலாம். திறமை மிக்கவர் எத்தனையோ பேருக்கு அவ்வாறே முடிந்திருக்கிறது. அது முடியாமற் போனதற்கு இரு காரணங்கள் உண்டு. அவர் தம் குறையை ஒப்புக்கொண்டு கீழ்ப்படியிலிருந்து மீண்டும் தொடங்க நாணவில்லை என்பது ஒன்று. அவ்வாறு தொடங்குவதற்கு ஒரு கீழ்ப்படி அக்காலத்தில் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. முதற் காரணத்துக்காக நாம் மேஜரைப் போற்றுகிறோம். இரண்டாம் காரணம், எந்த விளையாட்டையும் கலையையும் தொழிலையும் வளர்க்க விரும்பும் எந்நாட்டவரும் எண்ணிப் பார்க்க வேண்டுவது. சிகரத்தில் நிற்பவருக்குப் பரிசளிக்கப் பலர் இருக்கிறார்கள். அடிவாரத்தில் தவறி விழுந்தவர் மீண்டும் ஏற ஒரு படி உளதா என்பதை முதலிற் பார்த்தல் நலம்.